ஜகந்நாதன் காரின் மஞ்சள் விளக்கு

காரில் பி0131 என்ற எரர் கோட் வந்தால் முன்பக்க ஆக்சிஜன் சென்சாரில் வோல்டேஜ் குறைவு என்று அர்த்தம். அதைத் தெரிந்துகொள்ள ஒரு ஸ்கேனர் போதும். ஏன் குறைவு என்று தெரிந்துகொள்ளத்தான் மெக்கானிக் வேண்டும். என் பெயர் கணேசபாண்டியன். தாராவி தொண்ணூறு அடி ரோட்டில் இருபத்திரண்டு வருடமாக மெக்கானிக்காக இருக்கிறேன். ஏன் குறைவு என்று எனக்கு ஐந்து வாரம் தெரியவில்லை. தெரியவில்லை என்று ஒத்துக்கொண்டிருந்தால் சொல்வதற்கு ஒன்றும் இருந்திருக்காது. நான் என்ன செய்தேன் என்றால், அறுபத்துமூன்று பேர் கேட்கும்படி அதை இன்னொருவன் தலையில் கட்டிவிட்டேன்.

அந்த இன்னொருவன் நஜிமுதீன். மேலப்பாளையத்துக்காரன். பதினோரு வருடமாக என் கடையில் வயரிங் வேலை முழுவதும் அவன்தான். எண்ணெய் படுகிறதெல்லாம் நான், கரண்ட் ஓடுகிறதெல்லாம் அவன். நான் ஒரு நாளைக்கு நூறு வார்த்தை கத்துவேன், அவன் பத்து வார்த்தை பேசுவான். அந்தக் கணக்கு எங்கள் இரண்டு பேருக்கும் ஒத்துப் போயிருந்தது.

புதுப் பாகம் வந்தால் பெட்டியைப் பிரித்துச் சந்தனமும் குங்குமமும் வைப்பது என் வேலை. பொட்டு வைக்காத பாகம் என் கடையில் வண்டிக்குள் போகாது. சந்தனம் காய்ந்து உதிராமல் இருக்க இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டுக் குழைத்து எவர்சில்வர் டப்பாவில் வைத்திருப்பேன். க்ளட்ச் பிளேட்டானாலும் சரி, பத்து நிமிடத்தில் மாட்டுகிற ரிலேயானாலும் சரி, பொட்டு வைத்துத்தான் கையில் கொடுப்பேன். சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம். என் கடையிலிருந்து போன வண்டி இதுவரை ஒன்றுகூட வழியில் நின்றதில்லை.

கார் மாட்டுங்கா ஜகந்நாதன் சாருடையது. பாலக்காட்டுக் குடும்பம், ஆனால் அவர் பிறந்து வளர்ந்ததெல்லாம் மாட்டுங்காதான். ரயில்வேயில் சிக்னல் பிரிவில் அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வயது எழுபத்துநாலு. கார் 2009 மாடல், சின்னது, சாம்பல் நிறம். அதற்கென்று ஒரு நோட்டுப் புத்தகம் வைத்திருக்கிறார். என்றைக்கு டயர் மாற்றியது, எந்தக் கிலோமீட்டரில் ஹாரன் கம்மியது, யார் கை வைத்தது எல்லாம் அதில் இருக்கும். மனிதர்களுக்குக்கூட அவ்வளவு சரித்திரம் எழுதி நான் பார்த்ததில்லை.

ஏப்ரல் மாதம் அவர் கட்டடத்து எலி ஒன்று சென்சார் வயரைக் கடித்துவிட்டது. ஸ்பீடோமீட்டருக்குப் பக்கத்தில் எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தது. ஸ்கேனரைச் செருகினால் பி0131. நஜிமுதீன் வயருக்கு ஜாயிண்ட் போட்டான், விளக்கு அணைந்தது. மறுநாள் அவன் மகள் பாத்திமுத்துவின் கல்யாணத்துக்காக ஒரு மாத லீவில் ஊருக்குக் கிளம்பினான். நானும் என் மனைவி விஜயராணியும் கல்யாணத்துக்கு வருவதாக டிக்கெட் போட்டிருந்தோம்.

அவன் போன பத்தாம் நாள் அதே விளக்கு எரிந்தது. அதே எரர் கோட். பழைய சென்சார் மாட்டி எட்டு வருடம் ஆகியிருந்தது, அதன் ஆயுள் முடிந்துவிட்டது என்று நினைத்தேன். அந்த நினைப்பு சரிதான் என்று இன்றைக்கும் சொல்வேன். புதுசு வாங்கினேன், பெட்டியைப் பிரித்தேன். சென்சார் என்பது விரல் நீளத்தில் ஓர் உலோகக் குழாய். நுனி சைலன்சர் குழாய்க்குள் புகையில் இருக்கும், பின்பக்கத்திலிருந்து வயர் வரும். புகைக்குள் போகிற நுனியில் பொட்டு வைப்பது மரியாதையில்லை என்று, வயர் வெளியே வருகிற பக்கம் பார்த்து நன்றாகவே வைத்தேன். நஜிமுதீன் இல்லாததால் நானே மாட்டினேன். ஸ்கேனரில் எரர் கோடை அழித்தேன். விளக்கு அணைந்தது.

ஆறு நாள் கழித்து ஜகந்நாதன் சார் நோட்டோடு வந்து நின்றார்.

“கணேசபாண்டியன், இருநூத்திப் பன்னண்டு கிலோமீட்டர். மறுபடியும் வந்துடுத்து.”

சென்சார் டூப்ளிகேட்டாக இருக்கும் என்று கடைக்காரனிடம் சண்டை போட்டு இன்னொன்று வாங்கினேன். அதற்கும் பொட்டு வைத்து நானே மாட்டினேன். அடுத்த தடவை அவர் வந்தபோது நூற்றுத் தொண்ணூற்றெட்டு கிலோமீட்டர்.

“எங்காத்துல சுப்புலக்ஷ்மி அந்த லைட்டு மேல ஒரு ஸ்டிக்கர ஒட்டிட்டா தேவலைங்கறா” என்றார். “எனக்கு அதுல சம்மதமில்லை. சிக்னல் செவப்பா இருக்குன்னா அதுக்கு ஒரு காரணம் இருக்கும். முப்பத்தாறு வருஷம் அதையேதான் நான் பார்த்துண்டிருந்தேன்.”

அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்திவிட்டு நிம்மதியாக இருந்திருப்பேன். நாற்காலியில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து தேதி வாசித்துக்கொண்டே இருந்தார். பக்கத்துக் கடை ஆறுமுகநயினார் வேறு, “என்ன அண்ணாச்சி, சாருக்கு மாசப் பாஸ் எடுத்துக் குடுத்திருக்கியளா?” என்று கேட்டான். எனக்கு மண்டை காய்ந்துபோயிற்று. இரண்டு புதுச் சென்சாரும் மோசமாக இருக்க முடியாது. என் கை மோசமாக இருக்கவே முடியாது. மிச்சமிருந்தது எலி கடித்த இடத்தில் நஜிமுதீன் போட்ட ஜாயிண்ட்தான்.

தாராவியிலிருந்து செம்பூர் வரைக்கும் உள்ள மெக்கானிக்குகள் எல்லாரும் ஒரு வாட்ஸாப் குரூப்பில் இருக்கிறோம், அறுபத்துமூன்று பேர். அதில் ஒரு வாய்ஸ் போட்டேன். நாற்பத்தேழு விநாடி.

“தம்பிமாரே, நஜிமுதீன் கை வச்ச வண்டி எதுவும் உங்ககிட்ட இருந்தா ஜாயிண்ட ஒரு தடவ பிரிச்சுப் பாத்துக்கிடுங்க. எலி கடிச்ச வயர்ல சும்மா டேப்ப சுத்திவிட்டுட்டு ஊருக்குப் போயிட்டான். வண்டிக்காரரு என் தலைமேல உக்காந்திருக்காரு. இனிமே என் கடையில அவனுக்கு வேல கெடையாது.”

அப்போது கல்யாணத்துக்கு மூன்று நாள் இருந்தது. நான் அதை நினைக்கவே இல்லை. கோபத்தில் எனக்குத் தேதி, கிழமை எதுவும் தெரியாது.

வாய்ஸ் போட்டுவிட்டுக் காருக்கு அடியில் போய் அந்த ஜாயிண்டைப் பிரித்தேன். டேப் மேலேதான். உள்ளே ஒவ்வொரு வயரையும் முறுக்கி, ஈயம் வைத்து, சூட்டில் சுருங்குகிற உறை போட்டிருந்தான். நான்கு வயரின் ஜாயிண்டும் ஒன்றோடொன்று உரசாதபடி முன்னும் பின்னுமாகத் தள்ளித் தள்ளிப் போட்டிருந்தான். நான் போட்டால்கூட அப்படி வராது. அதை வெட்டி எறிந்துவிட்டு என் கையாலேயே புதிதாக ஜாயிண்ட் போட்டேன். நாற்பத்தோரு கிலோமீட்டரில் விளக்கு எரிந்தது.

இரண்டாவது வாய்ஸ் போட வேண்டிய நேரம் அதுதான். ஜாயிண்ட் நல்ல ஜாயிண்ட் என்று என் கண்ணால் பார்த்துவிட்டேன். ஆனால் குரூப்பில் அதற்குள் இருபது பேர் கட்டை விரலைத் தூக்கிவிட்டார்கள். “சரியாச் சொன்னீங்க சேட்” என்று ஒருவன். நான் போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

“கல்யாணத்துக்குப் போறோமா இல்லையா?” என்று விஜயராணி கேட்டாள்.

“எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டுப் போறது?”

“அவுக மூஞ்சியா, உங்க மூஞ்சியா?”

நான் டிக்கெட்டை ரத்து செய்தேன். அவள் இரண்டு நாள் எனக்குச் சோறு மட்டும் போட்டாள், பேச்சுப் போடவில்லை.

அடுத்த இரண்டு வாரம் அந்தக் காரில் நான் மாற்றாதது சீட் உறை மட்டும்தான். ஏர் ஃபில்டர், பெட்ரோல் ஃபில்டர், ஸ்பார்க் ப்ளக், சைலன்சர் கேஸ்கெட். எல்லாவற்றுக்கும் பொட்டு. ஒவ்வொரு தடவையும் எரர் கோடை அழிப்பேன், ஜகந்நாதன் சார் கிங்ஸ் சர்க்கிள் தாண்டுவதற்குள் போன் வரும். முலுண்டில் இருக்கிற தன் மகள் வந்தனா வீட்டுக்கு வாரம் மூன்று தடவை போகிறவர், என் புண்ணியத்தில் ஆட்டோவில் போனார்.

இதற்குள் நஜிமுதீன் ஊரிலிருந்து திரும்பிவிட்டான். என் கடைப் பக்கம் வரவில்லை. ரோட்டின் அந்தப் பக்கமாகப் போவதை இரண்டு தடவை பார்த்தேன். முன்பெல்லாம் வேலை முடிந்த பிறகும் ஒரு கராஜ் விட்டு இன்னொரு கராஜில் அவனைக் கூப்பிடுவார்கள். இப்போது ஒருவரும் கூப்பிடவில்லை என்று ஆறுமுகநயினார்தான் சொன்னான். அம்பர்நாத்தில் ஏதோ பேக்டரியில் மெயிண்டனன்ஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருக்கிறான், இன்னும் பத்துப் பதினைந்து நாளில் சேர வேண்டுமாம். வண்டி வயரிங்கைத் தவிர வேறு எதையும் கையால் தொடாத மனிதன். கேட்டுக்கொண்டு நான் ஸ்பானரைத் துடைத்தேன். துடைத்த ஸ்பானரையே மறுபடியும் துடைத்தேன்.

ஒரு வியாழக்கிழமை காலையில் ஜகந்நாதன் சார் கார் கடை வாசலில் வந்து நின்றது. அவர் இறங்கினார். மறுபக்கக் கதவைத் திறந்துகொண்டு நஜிமுதீன் இறங்கினான். என்னைப் பார்க்காமல் பானெட்டைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

“அவாத்துக்கே போயிட்டேன்” என்றார் சார். “வரமாட்டேன்னுட்டார். வயசானவன் வண்டிக்காக ஒரு தடவை வாங்கோன்னு கேட்டுண்டேன். இந்த நோட்டுல ஒரு விஷயம் ஸ்பஷ்டமா இருக்கு, கணேசபாண்டியன். ரெண்டாயிரத்திப் பதினேழுல அவர் மாட்டின சென்சார் எட்டு வருஷம் ஓடித்து. நீங்க மாட்டினது ரெண்டும் ஒரு வாரம் தாங்கலை. பார்ட்டு ஒண்ணு, வண்டி ஒண்ணு, கைதான் வேறே. எங்க டிப்பார்ட்மெண்டுல இப்படி ரிக்கார்டு வந்தா நாங்க சிக்னலை நோண்டமாட்டோம். ஆளை மாத்திப் பாப்போம்.”

என் கடையில் நின்றுகொண்டு என் கையைச் சொல்கிறார். வேறு யாராவதாக இருந்தால் நடப்பதே வேறு. நான் போய் டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்துகொண்டேன்.

“பார்க்கட்டும்” என்றேன். “எனக்கென்ன.”

மேஜையில் மூன்றாவதாக ஒரு புதுச் சென்சார் இருந்தது. காலையில்தான் பிரித்துப் பொட்டு வைத்திருந்தேன். நஜிமுதீன் காருக்கடியில் படுத்துப் பழையதைக் கழற்றிக்கொண்டு வந்தான். மேஜையிலிருந்து புதுசை எடுத்தான். பையிலிருந்து ஒரு டிஷ்யூப் பேப்பரை எடுத்து, அதில் இரண்டு சொட்டு தின்னர் விட்டு, சென்சாரை மெதுவாகத் துடைக்க ஆரம்பித்தான். துடைத்த பேப்பரைக் கீழே போடாமல் நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அதை அவன் செய்த விதத்தைப் பார்த்தால் இன்றைக்குப் புதிதாகச் செய்கிறவன் மாதிரி இல்லை.

“என்னவே செய்யுத?” என்றேன்.

“தொடைக்கேன்.”

“எத?”

“பொட்ட.”

ஜகந்நாதன் சார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு கிட்டே வந்தார்.

“இன்னைக்கு மட்டுமா?” என்று கேட்டேன்.

“பதினோரு வருசமா.”

கழற்றிய பழைய சென்சாரை என்னிடம் நீட்டினான். நான் வைத்த பொட்டு சூட்டில் வெந்து, கருப்பு நிறத்தில் ஓடு மாதிரி ஒட்டியிருந்தது. எண்ணெய் வழிந்து காய்ந்த தடம் தெரிந்தது. நகத்தால் அதை ஓரமாகப் பெயர்த்தான். அடியில் ஊசி முனை அளவுக்கு ஓர் ஓட்டை.

“இந்த ஓட்ட வழியா வெளிக்காத்து உள்ள போவணும்” என்றான். “உள்ள இருக்க புகையையும் வெளிக்காத்தையும் ஒப்பிட்டுப் பாத்துத்தான் வோல்டேஜ் குடுக்கும். இத அடச்சாச்சுன்னா ஒப்பிட ஒண்ணும் கெடையாது. எண்ணெ சூடாகி ஆவியா உள்ள போனா இருக்க காத்தும் கெட்டுப்போவும். வோல்டேஜ் கொறஞ்சிட்டே வரும். அஞ்சாறு நாள் ஆவும்.”

“மத்த பார்ட்டுக்கெல்லாம்?”

“க்ளட்சுக்கு மூச்சுக் கெடையாதுல்லா. எனக்குத் தாரதுல மட்டும் தொடைப்பேன். கனெக்டரு, ரிலே, சென்சாரு.”

“இத என்கிட்ட ஒரு வார்த்த சொன்னா என்னவே?”

அப்போதுதான் அவன் முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தான். “உங்களுக்கு அது சாமி. நான் சொல்லி நீங்க வைக்கத நிறுத்திட்டு, மறுநாளு ஒரு வண்டிக்குப் பிரேக்கு பிடிக்கலன்னா, அவன் சொல்லித்தான் நிறுத்துனேம்பிய. தொடைக்கது எனக்கு ஒரு நிமிசம். எதுக்குப் பேசணும்?”

அவன் சொன்னது சரி. நான் அப்படித்தான் சொல்லியிருப்பேன். ஜகந்நாதன் சார் நோட்டைத் திறந்து ஒரு வரி எழுதினார். எட்டிப் பார்த்தேன். ‘காரணம்: சந்தனம்’ என்று எழுதித் தேதி போட்டிருந்தார்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் வருகிறது என்று பார்த்தேன், ஆள் கிடைக்கவில்லை. அது இறங்கின பிறகு வெட்கம் வந்தது. கோபம் மாதிரி அது சீக்கிரம் போகவில்லை. நஜிமுதீன் மாட்டி முடித்து, நான் போட்ட ஜாயிண்டையும் ஒரு தடவை பிரித்துப் பார்த்து, தன் முறைப்படி திரும்பப் போட்டுவிட்டு, கை கழுவினான். அவனிடம் மன்னிப்புக் கேட்கத்தான் எழுந்து போனேன்.

“டீ சொல்லட்டா?” என்றுதான் வெளியே வந்தது.

“குடிச்சிட்டுத்தான் வந்தேன்” என்றான். சாரிடம் மட்டும் தலையை அசைத்துவிட்டு நடந்து போனான்.

அன்றிலிருந்து ஜகந்நாதன் சார் தினமும் முலுண்டுக்குப் போனார். மகளுக்கே சலித்திருக்கும். இருநூறு கிலோமீட்டர் என்று போன் வந்தது. முந்நூறு. நானூறு. விளக்கு எரியவில்லை. ஐந்நூற்றைத் தாண்டியதும், “இனிமே நான் போன் பண்ணலை, நீங்க உங்க வேலையைப் பாருங்கோ” என்றார். அது ஒரு சனிக்கிழமை சாயங்காலம்.

ஐந்நூறு வரைக்கும் நான் குரூப்பில் எதுவும் போடாமல் காத்திருந்தேன். மனதின் ஏதோ ஒரு மூலையில் அந்த விளக்கு எரிந்தால் தேவலை என்று இருந்தேன். இதை வெளியே சொல்ல நன்றாக இல்லை, ஆனால் அப்படித்தான் இருந்தேன். அன்றைக்கு ஷட்டரை இறக்கும் முன் குரூப்பில் வாய்ஸ் போட்டேன். “நஜிமுதீன் ஜாயிண்ட் நல்ல ஜாயிண்ட். தப்பு நான் மாட்டுன சென்சார்ல. அவன் கையப் பத்தி நான் சொன்னத எல்லாரும் மறந்துருங்க.” பன்னிரண்டு விநாடி. இந்தத் தடவை நான்கு பேர்தான் கட்டை விரலைத் தூக்கினார்கள். செம்பூர் ஜம்பு மட்டும், “எந்த நஜிமுதீன்?” என்று கேட்டிருந்தான்.

வீட்டுக்குப் போய் விஜயராணியிடம் போட்டுக் காட்டினேன். முழுக்கக் கேட்டாள்.

“அவுக கேட்டாகளா?”

“கேட்டிருப்பான்.”

“எப்படிக் கேட்டிருப்பாக? நீங்க மொத வாய்ஸ் போட்ட அன்னைக்கே அவுக குரூப்ப விட்டுப் போயிட்டாக. அவுக வீட்டுக்காரி சொன்னா.” பிறகு, “திங்கக்கெழமை காலையில ஆறே முக்கால் வண்டிக்கு அம்பர்நாத் வேலைக்குப் போறாகளாம். சயான்ல” என்றாள்.

நான் எதுவும் கேட்காமலேயே சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதைப் பற்றி அவள் பேசவும் இல்லை.

திங்கட்கிழமை சயான் ஸ்டேஷனுக்கு ஆறரைக்கே போய்விட்டேன். மழை தூறிக்கொண்டிருந்தது. நஜிமுதீன் மேற்கூரைக்கு அடியில் டிபன் பையோடு நின்றுகொண்டிருந்தான். இஸ்திரி போட்ட சட்டை. கிரீஸ் இல்லாமல் அவன் கையை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

“குரூப்புல சொல்லிட்டேன்” என்றேன்.

“நான் அதுல இல்லையே.”

“தெரியும். அதான் வந்தேன்.” இருபத்திரண்டு வருடக் கடையில் இந்த மாதிரி பேச எனக்குப் பழக்கம் இல்லை. தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “நான் சொன்னது தப்பு. உன் ஜாயிண்ட பிரிச்சுப் பாத்தேன். அன்னைக்கே பாத்தேன். நல்லா இருந்துச்சு. பாத்த பெறகும் வாய மூடிக்கிட்டு இருந்தேன். மன்னிச்சுக்க.”

பக்கத்தில் ஒருவன் பெஞ்சில் உட்கார இடம் கேட்டுச் சண்டை போட்டுக்கொண்டிருந்தான்.

“மொத வாய்ஸ ஒருத்தன் எங்க சம்பந்திக்கு ஃபார்வர்டு பண்ணிட்டான்” என்றான் நஜிமுதீன். “மேலப்பாளையத்துல, கல்யாணத்துக்கு மொத நாளு. பந்தல்ல வச்சு நாலு பேரு கேக்க எங்க சம்பந்தி அதப் போட்டாரு. போட்டுட்டு, பம்பாய்ல நீங்க பெரிய ஆளுன்னு சொன்னாவளேன்னு மட்டும் கேட்டாரு. பாத்திமுத்து மருதாணி வச்ச கையோட வாசப்படியில நின்னு கேட்டுக்கிட்டு இருந்தா. அத ஃபார்வர்டு பண்ணுனவன் ரெண்டாவத பண்ணுவானா? அவ அந்த வீட்டுல இருக்கா. எனக்கென்ன, நான் அம்பர்நாத் போயிருவேன்.”

இது எனக்குத் தெரியாது. சத்தியமாகத் தெரியாது. பாத்திமுத்துவை அவளுடைய பத்து வயதிலிருந்து எனக்குத் தெரியும். பள்ளிக்கூடம் விட்டுக் கடைக்கு வந்து என் ஸ்டூலில் உட்கார்ந்து ஹோம்வொர்க் எழுதுவாள். என் நெஞ்சில் யாரோ ஜாக்கி வைத்துத் தூக்கின மாதிரி இருந்தது.

“உன் சம்பந்தி நம்பரக் குடு” என்றேன்.

“வேண்டாம். இப்ப போயி எதுக்கு.”

“குடுன்னா குடுவே.”

கொடுத்தான். சம்பந்தியின் பெயர் செய்யதலி, ஊரில் ஜவுளிக் கடை. காலை ஆறே முக்காலுக்கு ஒரு மனிதர் எடுக்கிற குரலில் எடுத்தார். நான் ஸ்பீக்கரில் போட்டேன்.

“நான் தாராவி கணேசபாண்டியன் பேசுதேன். உங்க சம்பந்தியப் பத்தி ஒரு வாய்ஸ் கேட்டிருப்பிய. அதுல பேசுனது நான்தான். நான் சொன்னது உண்ம இல்ல.”

“பொய்யா, தப்பா?” என்று கேட்டார். வியாபாரி, இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்தவர்.

“மொதல்ல தப்பு” என்றேன். “வேலையில தப்பு பண்ணுனது நான், பழிய அவன் மேல போட்டேன். அன்னைக்கே அது தப்புன்னு தெரிஞ்சிருச்சு. தெரிஞ்சும் ஒரு மாசம் சொல்லல. அப்ப அது பொய்தான்.”

அம்பர்நாத் வண்டி வருவதாக ஒலிபெருக்கியில் சொன்னார்கள். நஜிமுதீன் டிபன் பையைத் தோளில் மாட்டினான்.

“இத என்கிட்ட சொல்லி என்ன?” என்றார் செய்யதலி. “அன்னைக்குக் கேட்டது நான் மட்டுமா? இருங்க. மருமகள்ட்ட குடுக்கேன். அவகிட்ட சொல்லுங்க.”

வண்டி வந்து நின்றது. ஆட்கள் எங்களை இடித்துக்கொண்டு ஏறினார்கள். நஜிமுதீன் ஏறவில்லை.

“மாமா?” என்றாள் பாத்திமுத்து.

முதலாவது தடவை சொன்னதே கஷ்டமாக இருந்தது. மூன்றாவது தடவையாக அவளிடம் சொன்னேன். அவள் வாப்பாவின் வேலை நல்ல வேலை என்று சொன்னேன், என் கடையில் அத்தனை வருடம் வண்டி நின்றுபோகாமல் இருந்ததற்கு அவன் கைதான் காரணம் என்று சொன்னேன், கல்யாணத்துக்கு வராதது என் கேவலம் என்று சொன்னேன். வண்டி சத்தத்தில் எல்லாவற்றையும் கத்தித்தான் சொல்ல வேண்டியிருந்தது. பிளாட்பாரத்தில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும், போன தடவை அறுபத்துமூன்று பேர்.

அவள் அழுகிறாளா என்று தெரியவில்லை. “மாமா, எங்க மாமனாரு பக்கத்துலதான் நிக்காவ” என்றாள். “நீங்க சொன்னது எல்லாத்தையும் கேட்டாவ.” அப்புறம், “வாப்பா அங்க இருக்காவளா?” என்று கேட்டாள்.

“இருக்கான்.”

“அவுகட்ட குடுங்க.”

நஜிமுதீன் போனை வாங்கி ஸ்பீக்கரை அணைத்தான். எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பி நின்றான். “ம்” என்றான். ரொம்ப நேரம் கழித்து இன்னொரு “ம்.” பிறகு, “நீ சாப்ட்டியா?” என்று கேட்டான். முழங்கையால் முகத்தைத் துடைத்தான். ஏழு மணி வண்டியும் வந்தது, போயிற்று. நான் அவனுடைய டிபன் பையைக் கையில் பிடித்துக்கொண்டு, அவன் பேசி முடிக்கிற வரைக்கும் நின்றேன்.